அந்த இன்டெல் கார்ட் எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்ர விண்டோஸ் லப்டொப்பில இருக்கிறது ரியல்டெக் நெட்வொர்க் கார்ட். ஆனா விர்ச்சுவல்பொக்ஸுக்குள்ள உபுண்டு போட்டுப் பார்த்தா இன்டெல் கார்ட் எண்டு காட்டுது. அப்பிடி ஒரு கார்ட் நான் வாங்கவே இல்லை. அது எங்க இருக்கு? உள்ளுக்குள்ள ஓடுற லினக்ஸ் என்ர உண்மையான ஹார்ட்வெயாரோட எப்பிடிக் கதைக்குது? ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?"

விர்ச்சுவல்பொக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை நடிக்கும் புரோகிராம். அந்த நடிப்புக் கணினி விர்ச்சுவல் மெஷின்; அதற்குள் ஓடுவதை கெஸ்ட் என்பார்கள், வெளியே உள்ள உண்மையான கணினியை ஹோஸ்ட் என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில்: அந்தக் கார்ட் விர்ச்சுவல்பொக்ஸின் நிரலுக்குள் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில்: உள்ளே ஓடும் லினக்ஸ் உங்கள் உண்மையான ஹார்ட்வெயாரோடு கதைப்பதே இல்லை. மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்து விளக்க வேண்டும். அது விளங்கினால் முதல் இரண்டும் தானாக விளங்கிவிடும்.

ஒரு டிரைவரின், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருளின், பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள் தம்பி. டிரைவர் கார்ட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை மூன்றே விஷயங்கள். சில முகவரிகளில் எண்களை எழுதலாம், வாசிக்கலாம். அவற்றைத்தான் ரெஜிஸ்டர்கள் என்கிறோம். மெமரியில் தான் காட்டிய இடத்தில் கார்ட் வந்து தரவை வைக்கும், எடுக்கும். வேலை முடிந்தால் கார்ட் ஒரு இன்டரப்ட் அனுப்பும், அதாவது 'என்னைக் கவனி' என்று புரொசசரைத் தட்டும். இந்த மூன்றும் சிப் தயாரித்தவர்களின் கையேட்டில் உள்ளபடியே நடந்தால், எதிரில் இருப்பது சிலிக்கனா, சி மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனா என்று டிரைவர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நீங்கள் பார்த்த கார்ட் இன்டெலின் 82540இஎம். இருபது வருடத்துக்கு முந்திய ஜிகாபிட் சிப். அந்தக் குடும்பத்தின் கையேட்டை இன்டெல் வெளிப்படையாகக் கொடுத்தது. அதற்கான டிரைவர் லினக்ஸிலும் விண்டோஸ் விஸ்டாவிலும் கூடவே வந்தது. அதனால்தான் எமுலேட்டர் (சாதனங்களை நடிக்கும் நிரல்) எழுதியவர்கள் அதைத் தெரிந்தெடுத்தார்கள். கெஸ்ட்டுக்கு எந்தப் புது டிரைவரும் தேவைப்படாது. உள்ளே அந்தக் கார்ட் என்பது ரெஜிஸ்டர் மதிப்புகளை வைத்திருக்கும் ஒரு சாதாரணத் தரவுக் கட்டமைப்பு, அதோடு 'இந்த முகவரியில் எழுதினால் இதைச் செய்' என்ற ஃபங்ஷன்கள் கொஞ்சம். கார்ட்டின் மெக் முகவரியை (நெட்வொர்க் கார்ட்டின் அடையாள எண்) பாருங்கள்: 08:00:27 என்று தொடங்கும். விர்ச்சுவல்பொக்ஸ் கொடுக்கும் முகவரிகள் அப்படித்தான் தொடங்கும். க்யூஎமு என்ற இன்னொரு எமுலேட்டர் என்றால் 52:54:00.

சரி, கெஸ்ட் ஒரு முகவரியில் எழுதினால் அது எப்படி அந்த ஃபங்ஷனுக்குப் போய்ச் சேருகிறது? கெஸ்ட்டின் கட்டளைகள் உங்கள் உண்மையான புரொசசரிலேதான் நேரடியாக ஓடுகின்றன. இரண்டு எண்ணைக் கூட்டினால் அதை உண்மையான புரொசசரே கூட்டும். இடையில் ஒருவரும் இல்லை. இடையில் ஆள் வர வேண்டியது ஹார்ட்வெயாரைத் தொடும்போது மட்டும்.

அந்த நேரத்தில் புரொசசர் தவறாமல் நின்று மேலே தகவல் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையை போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974இலேயே முறையாக எழுதி வைத்தார்கள். இன்டெலின் எக்ஸ்86 புரொசசர்கள் அதை நீண்ட காலம் நிறைவேற்றவில்லை. 17 கட்டளைகள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போய்விடும். இன்டரப்டை நிறுத்தச் சொல்லும் ஒரு கட்டளையை அதிகாரமில்லாத நிலையில் கொடுத்தால், பிழை சொல்லாமல் அதைப் பேசாமல் விட்டுவிடும் புரொசசர். கெஸ்ட் இன்டரப்ட் நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டு போகும். 1999இல் விஎம்வெயார் என்ற நிறுவனம் கெஸ்ட்டின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இதைச் சமாளித்தது. 2005இல் இன்டெல் விடி-எக்ஸ், அடுத்த வருடம் ஏஎம்டியின் இணையான வசதி என்று புரொசசர்களே இதைச் செய்யத் தொடங்கின. 2007 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 கேர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), புரொசசரின் இந்த வசதியைப் பாவிக்கும் கேவிஎம் சேர்ந்தது. இதற்குப் பிறகு சொல்லப்போவதை கேவிஎம், க்யூஎமு இரண்டையும் வைத்தே சொல்கிறேன். அவற்றின் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். விர்ச்சுவல்பொக்ஸிலும் அடிப்படை இதுதான், பெயர்கள்தான் வேறு.

ஒரு டிஸ்க் செக்டரை, அதாவது டிஸ்க்கின் 512 பைட் துண்டு ஒன்றை, வாசிக்கும் காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பு முறையில் கெஸ்ட் செய்வது இது: 498ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சாதனத்துக்குரிய ஒரு முகவரி எண்) எத்தனை செக்டர் என்று எழுதும். 499, 500, 501இல் செக்டர் எண்ணைத் துண்டு துண்டாக எழுதும். 502இல் எந்த டிஸ்க் என்று எழுதும். கடைசியாக 503இல் 32 என்று எழுதும். '32' என்றால் 'வாசி'.

எக்ஸ்86இல் மொத்தம் 65,536 போர்ட்கள். கெஸ்ட் இவற்றைத் தொட்டால் நின்று தகவல் சொல்ல வேண்டும் என்று கேவிஎம் புரொசசருக்குச் சொல்லி வைத்திருக்கும். ஆகவே 498இல் எழுதும் கட்டளையைக் கெஸ்ட் கொடுத்ததும் புரொசசர் அதைச் செயற்படுத்தாது. கெஸ்ட்டின் நிலையை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு ஹோஸ்ட் கேர்னலுக்குத் திரும்பிவிடும். இதை விஎம் எக்ஸிட் என்பார்கள். நான் வெளியேற்றம் என்றே எழுதுகிறேன். என்ன காரணம், எந்தப் போர்ட், எத்தனை பைட், எழுதுவதா வாசிப்பதா என்ற விபரம் எல்லாவற்றையும் புரொசசரே குறித்து வைத்திருக்கும். கேவிஎம் அதைப் பார்க்கும். 'இது என் வேலை இல்லை' என்று க்யூஎமுவை எழுப்பும். க்யூஎமு ஹோஸ்டில் ஓடும் ஒரு சாதாரண புரோகிராம்தான். உங்கள் பிரவுசர் மாதிரி. 498 என்ற எண்ணுக்கு யார் பொறுப்பு என்று அது தன் அட்டவணையில் தேடி, ஐடிஇ ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்த ஃபங்ஷன் ஒரு மாறியில் எண்ணைப் போட்டு வைக்கும். அவ்வளவுதான். திரும்ப கேர்னல், திரும்ப கெஸ்ட், அடுத்த கட்டளை.

ஒரு எண்ணை எழுத இவ்வளவு பயணம்! இது ஆறு தடவை. ஆறாவதில், 503இல் 32 வந்து விழும்போதுதான் க்யூஎமுவுக்கு 'ஓ, வாசிக்கச் சொல்கிறார்' என்று விளங்கும். அப்போது அது, கெஸ்ட்டின் டிஸ்க்காக ஹோஸ்டில் இருக்கும் ஒரு கோப்பில், செக்டர் எண்ணை 512ஆல் பெருக்கிய இடத்திலிருந்து வாசிக்கும். அந்த வாசிப்பை உங்கள் ஹோஸ்ட் கேர்னலின் டிரைவர் உண்மையான எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோகும். கெஸ்ட் நினைப்பது 1990களின் டிஸ்க் ஒன்றோடு பேசுகிறேன் என்று. எஸ்எஸ்டி நினைப்பது ஏதோ ஒரு புரோகிராம் கோப்பு வாசிக்கிறது என்று. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது.

வாசித்து முடிந்ததும் க்யூஎமு 14ஆம் இன்டரப்டை எழுப்பச் சொல்லும். கெஸ்ட் அடுத்த முறை ஓடத் தொடங்கும்போது கேவிஎம் அந்த இன்டரப்டைப் புரொசசர் மூலமாகவே உள்ளே செருகிவிடும். கெஸ்ட் ஏற்கனவே புரொசசரின் வேறொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தட்டி வெளியே எடுத்துச் செருக வேண்டும். பிற்காலப் புரொசசர்களில் அந்தத் தட்டலும் தேவைப்படாமல் செய்துவிட்டார்கள். பிறகு கெஸ்ட் 496ஆம் போர்ட்டிலிருந்து இரண்டிரண்டு பைட்டாக 256 தடவை வாசித்தால்தான் ஒரு செக்டர் கைக்கு வரும். ஒவ்வொன்றும் ஒரு வெளியேற்றம் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். (தொடர் வாசிப்புக் கட்டளையாக இருந்தால் கேவிஎம் பலவற்றைச் சேர்த்துச் செய்யும். ஆனாலும் பாரம் பாரம்தான்.)

இங்கேதான் மெமரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெஸ்ட்டின் மொத்த ரேமும் க்யூஎமு புரோகிராம் தனக்கென்று ஹோஸ்டிடம் வாங்கிய மெமரியின் ஒரு துண்டு. ஆகவே க்யூஎமுவால் அதை நேரடியாக வாசிக்கவும் எழுதவும் முடியும். சாதனமே நேராக மெமரியில் எழுதும் டிஎம்ஏ முறையில் கெஸ்ட் 'இந்த முகவரியில் கொண்டுவந்து வை' என்று சொன்னால், க்யூஎமு தரவை நேரே அந்த இடத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு இன்டரப்ட் கொடுக்கும். அந்த 256 வாசிப்பும் மிச்சம்.

உங்கள் இன்டெல் கார்ட் போர்ட் எண் வழியாக இல்லாமல், மெமரி முகவரி வழியாக வேலை செய்யும். அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான். கார்ட்டின் ரெஜிஸ்டர்கள் இருப்பதாகச் சொல்லப்படும் முகவரிக்குப் பின்னால் ரேம் எதுவும் வைக்கப்படாது. கெஸ்ட் அங்கே எழுதப் போனால் புரொசசரின் பக்க அட்டவணையில் இடம் இல்லை, உடனே வெளியேற்றம். ஆனால் போர்ட்டில் போல என்ன எழுத வந்தார் என்று புரொசசர் எடுத்துத் தராது. கேவிஎம் கெஸ்ட்டின் கட்டளையைத் தானே எடுத்து, பைட் பைட்டாகப் பிரித்து வாசித்து, எந்த மதிப்பை எழுத வந்தது என்று கண்டுபிடிக்கும். கேவிஎம்முக்குள் எக்ஸ்86 கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் ஒரு சிறிய எமுலேட்டர் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இனி வேகத்துக்கு வருவோம். ஒரு வெளியேற்றம் கேர்னலுக்குள்ளேயே முடிந்து திரும்பினாலும் ஆயிரம் புரொசசர் சைக்கிள் என்ற அளவில் செலவு. க்யூஎமு வரை போய் வந்தால் அதைப் போலப் பல மடங்கு. ஒரு ஜிகாபிட் இணைப்பை முழு அளவுப் பொட்டலங்களால் (தரவு துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகள்) நிரப்பினால் செக்கனுக்கு 81,000க்கு மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் அனுப்பச் சொல்ல ஒரு எழுத்து, இன்டரப்ட் ஏன் வந்தது என்று பார்க்க ஒரு வாசிப்பு, இன்டரப்டை மூட ஒன்று, திறக்க ஒன்று. டிரைவர்கள் பல பொட்டலங்களைச் சேர்த்துக் கையாண்டாலும், அந்த எண்ணிக்கை போதும் ஒரு கோரைத் தின்ன. 'என் லப்டொப் பழசு' என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது எத்தனை வெளியேற்றம் நடக்கிறது என்பதைத்தான்.

ஒரு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போன அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப ஒவ்வொரு முறை வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால் நாள் முழுக்கப் போய்விடும். பத்துப் படிவத்தையும் வீட்டிலேயே நிரப்பி, ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஒரு தடவை மணியை அடித்தால் காணும். விர்ட்டியோ என்பது அதுதான். 2007இல் ரஸ்டி ரஸல் என்ற அவுஸ்திரேலிய நிரலாளர் அதை முன்வைத்தார். எந்த உண்மையான சிப்பையும் நடிக்காமல், விர்ச்சுவல் மெஷினுக்கென்றே நினைத்து வடிவமைத்த சாதனம் அது. கெஸ்ட்டின் மெமரியிலேயே ஒரு வளையம் இருக்கும். கெஸ்ட் 'இந்த முகவரி, இவ்வளவு நீளம்' என்று 16 பைட் குறிப்புகளை அதில் வரிசையாக எழுதும். எழுதும்போது வெளியேற்றமே இல்லை, ஏனென்றால் அது வெறும் ரேம். எல்லாம் எழுதி முடித்து ஒரு மணி. அது ஒரு வெளியேற்றம். ஹோஸ்ட் ஏற்கனவே அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் 'மணி அடிக்க வேண்டாம்' என்று அதே மெமரியில் எழுதி வைக்கும். அந்த ஒன்றும் மிச்சம். 2010இல் வந்த லினக்ஸ் 2.6.34 முதல், நெட்வொர்க் வளையத்தை க்யூஎமு வரை போகாமல் ஹோஸ்ட் கேர்னலே நேரடியாகக் கையாளவும் வழி செய்தார்கள்.

விலை என்னவென்றால், தான் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறேன் என்று கெஸ்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு டிரைவர் வேண்டும். லினக்ஸில் அது கூடவே வரும். விண்டோஸில் தனியாகப் போட வேண்டும்.

சில பழைய கெஸ்ட்டுகளுக்கு அந்த வழி கிடைக்காது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் ஒன்று இருந்தது. மதர்போர்ட் போய்விட்டது. புதுக் கணினி வாங்கி, அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக எக்ஸ்பியைப் போடப் போனேன். ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்று எக்ஸ்பி சொல்லிவிட்டது. புதிய விண்டோஸுக்கான அமைப்பில் தொடங்கியதால் டிஸ்க் கன்ட்ரோலர் ஏஎச்சிஐ என்று போயிருந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியின் சீடியில் அதற்கு டிரைவர் இல்லை. பிஐஐஎக்ஸ்4 என்ற ஐடிஇ கன்ட்ரோலருக்கு மாற்றினேன், டிஸ்க் உடனே தெரிந்தது. அடியில் இருந்தது என்விஎம்இ எஸ்எஸ்டி. அந்தத் தரத்தின் முதல் பதிப்பே 2011இல்தான் வந்தது. எக்ஸ்பிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவை இல்லை. எமுலேஷனை மெதுவானது என்று தள்ளிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பழைய மென்பொருளையும் அதற்குள் இருக்கும் வருடக்கணக்கான கணக்கையும் காப்பாற்றுவது அதுதான்.

அதே கடையில்தான் இன்னொன்றையும் கற்றேன். 2022இல் மின்வெட்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். யூபிஎஸ் தாங்கவில்லை, கணினி அப்படியே நின்றது. அடுத்த நாள் ஒரு பின்னேரத்துக்குரிய பற்றுச்சீட்டுகள் கணக்கில் இல்லை. மென்பொருள் அவற்றைச் சேமித்திருந்தது. எக்ஸ்பி டிஸ்க்குக்கு 'கையில் இருப்பதை எல்லாம் எழுதி முடி' என்ற கட்டளையையும் கொடுத்திருக்கும். 503ஆம் போர்ட்டில் 231 என்று எழுதுவது அது. உண்மையான டிஸ்க் அதை முடித்த பிறகுதான் 'சரி' என்று சொல்ல வேண்டும். எங்கள் எமுலேட்டரிலோ வேகத்துக்காக அந்தக் கட்டளையைக் கவனிக்காமல் விடும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. தரவு ஹோஸ்டின் ரேமில் இருக்கும்போதே 'சரி' சொல்லிவிட்டது. க்யூஎமுவில் இப்படிப்பட்ட முறைக்கு அன்சேஃப் என்று நேராகவே பெயர் வைத்திருக்கிறார்கள். எமுலேட் செய்த சாதனம் ரெஜிஸ்டர்களை மட்டும் சரியாகக் காட்டினால் போதாது. உண்மையான சாதனம் கொடுக்கும் வாக்குறுதியையும் காப்பாற்ற வேண்டும். உங்கள் கெஸ்ட்டில் ஒரு தரவுத்தளம் ஓடினால், இந்த அமைப்பைத்தான் முதலில் பாருங்கள்.

பாதுகாப்பும் இதே இடத்தில்தான் தங்கியிருக்கிறது. எமுலேட் செய்த ஒவ்வொரு சாதனமும், கெஸ்ட் கொடுக்கும் எதையும் வாங்கிக்கொள்ளும் ஒரு நிரல். 2015 மே மாதம் வெனம் என்ற பெயரில் வெளியான குறை க்யூஎமுவின் பிளொப்பி கன்ட்ரோலரில் இருந்தது. 512 பைட் இடத்துக்குள் கெஸ்ட் அதற்கு மேல் எழுத முடிந்தது. அந்த வழியாக ஹோஸ்டின் புரோகிராமுக்குள்ளேயே கை வைக்கலாம். அந்த நிரல் 2004 முதல் அப்படியே கிடந்தது. பிளொப்பியை நீங்கள் பாவிக்காவிட்டாலும், அமைப்பிலிருந்து எடுத்துவிட்டாலும்கூட, கன்ட்ரோலர் உள்ளே இருந்தது. 2018இல் அமேசன் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் இதற்கு நேரெதிரான வழியில் போனது: விர்ட்டியோ சாதனங்கள் ஒரு சில, ஒரு சீரியல் போர்ட், மெஷினை நிறுத்துவதற்கு மட்டும் ஒரு சின்ன கீபோர்ட் கன்ட்ரோலர். ஒலி இல்லை, திரை இல்லை, பிளொப்பி இல்லை. நீங்களும் பாவிக்காத சாதனங்களைக் கழற்றிவிடுங்கள்.

உண்மையான கார்ட்டையே கெஸ்ட்டிடம் நேரடியாகக் கொடுக்கவும் முடியும். அப்போது கெஸ்ட் உண்மையாகவே ஹார்ட்வெயாரோடு கதைக்கிறது. ஆனால் கார்ட் கண்ட இடத்தில் எழுதாமல் தடுக்க ஐஓஎம்எம்யூ என்ற ஹார்ட்வெயார் வசதி வேண்டும், ஹோஸ்ட் அந்தக் கார்ட்டை முற்றாக விட்டுக்கொடுக்கவும் வேண்டும். லப்டொப்பில் உள்ள ஒரே நெட்வொர்க் கார்ட்டுக்கு இது சரிவராது. விர்ச்சுவல்பொக்ஸின் இன்றைய பதிப்புகளில் அந்த வசதியும் இல்லை.

உங்கள் கெஸ்ட்டுக்குக் கிடைத்த ஐபி முகவரி 10.0.2.15 என்று நினைக்கிறேன். என்ஏடி முறையில் அப்படித்தான் வரும். அந்த முறையில் இன்டெல் கார்ட் நிரலிடம் வந்த பொட்டலத்தை விர்ச்சுவல்பொக்ஸ் பிரித்துப் பார்த்து, அதே இணைப்பை ஹோஸ்டில் தன் பெயரில் புதிதாகத் திறக்கும். அந்த இணைப்பு விண்டோஸ் வழியாகப் போய், கடைசியில்தான் உங்கள் ரியல்டெக் கார்ட்டைத் தொடும். ரியல்டெக் டிரைவருக்கு உபுண்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இனிச் செய்து பாருங்கள். விர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் கீழ்ப் பட்டையில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் விண்டோஸின் ஹைப்பர்-வி என்ற சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி உங்கள் புரொசசரின் வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது. டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அல்லது விண்டோஸின் மெமரிப் பாதுகாப்பு அதை இயக்கியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு வெளியேற்றமும் ஹைப்பர்-வியைச் சுற்றித்தான் வரும். உங்கள் மெதுவுக்கு இது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பிறகு மெஷினை நிறுத்தி, நெட்வொர்க் அமைப்பில் கார்ட் வகையை பராவிர்ச்சுவலைஸ்ட் (விர்ட்டியோதான்) என்று மாற்றுங்கள். மீண்டும் ஆரம்பித்து உபுண்டுக்குள் பிசிஐ சாதனப் பட்டியலைப் பாருங்கள். முன்பு 8086 என்று இருந்த தயாரிப்பாளர் எண்ணின் இடத்தில் இப்போது 1ஏஎஃப்4 என்று இருக்கும். அதே பெரிய கோப்பை இரண்டு முறையிலும் இறக்கி, ஹோஸ்டின் புரொசசர் பாவனை எவ்வளவு என்று குறித்துவைத்து, அந்த இரண்டு எண்ணையும் எனக்குச் சொல்லுங்கள்.